புல்லட்டின் தாங்கி

மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதன் என்ஜினைப் பற்றியே எழுதுவர். நாம் இங்கே எடுத்துக்கொண்டதோ வண்டி ஓடும்போது எவர் நினைவிலும் வராத ஓர் உறுப்பு. சைடு ஸ்டாண்டு என்று எல்லோரும் வழங்கும் பக்கத்தாங்கியும் அன்று. அந்தத் தாங்கி வண்டியின் சட்டத்தோடு சேருமிடத்தில் பற்றவைக்கப்பட்டிருக்கும் நான்கு விரற்கடை இரும்புத் துண்டு. பட்டறைக்காரர்கள் அதைப் பிராக்கெட் என்பர். பார்வைக்குக் காது போலிருப்பதால் நாம் காது என்றே சொல்லிப் பழகினோம். 2019ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், எம் இல்லத்துப் புல்லட்டின் காது அறுந்தது.

வண்டி 1974ஆம் ஆண்டினது. எம் தந்தையார் மைய அரசுப் பணியின் பொருட்டுத் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து தில்லிக்கு வந்து, கரோல்பாகில் ஒற்றை அறையில் குடியிருந்து, பின்னர் ராமகிருஷ்ணபுரத்து அரசுக் குடியிருப்புக்கு மாறியவர். ஸ்கூட்டருக்குப் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த காலம் அது. மாற்றலாகிச் சென்ற அலுவலக நண்பர் ஒருவர் தம் புல்லட்டை விற்கவே, இவர் வாங்கிக்கொண்டார். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மதராஸ் மோட்டார்ஸும் 1955இல் கூட்டுச் சேர்ந்ததன் பயனாகத் திருவொற்றியூரில் உருவானது இவ்வகை வண்டி. “இதுவும் நம்ம ஊர்க்காரன்தான், பிழைக்க வந்திருக்கிறான்” என்று தந்தையார் சொல்வதுண்டு. வடக்கத்திய நண்பர்கள் அவரிடம் வண்டியைப் பற்றி விசாரித்தால், திருவொற்றியூர் என்ற சொல்லை அவர்கள் சரியாக உச்சரிக்கும்வரை விடமாட்டார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பழைய புல்லட்டில் கியரும் வலப்புறம், உதைகோலும் வலப்புறம், பிரேக்குதான் இடப்புறம். அவர் பக்கத்தாங்கியை இறக்கி, வண்டியின்மேல் ஏறி நின்று, அம்மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே டிகம்ப்ரஷன் பிடியை அழுத்திப் பதம் பார்த்து, முழு எடையையும் போட்டு உதைப்பார். ஓர் உதையில் எழும்பும். ஆயினும் அவ்வுதை ஒவ்வொன்றின் பாரமும், வண்டியின் எடையோடு சேர்ந்து, அந்தக் காதின்மேல்தான் இறங்கிற்று. நாற்பது ஆண்டுக் காலைகளை எண்ணிப் பார்த்தால், அது அத்தனை நாள் தாங்கியதே வியப்பு.

தந்தையார் 2016இல் மறைந்தார். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், தலைநகர் வட்டாரத்தில் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடலாகாது என்று ஆணையிட்டது. (அதன் பின்னர் விதிகளில் நேர்ந்த ஏற்ற இறக்கங்கள் இக்கதைக்கு வேண்டா.) பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போடுவது ஒரு வழி, தடையின்மைச் சான்று பெற்று வெளி மாநிலத்துக்கு அனுப்புவது மற்றொரு வழி. தாம்பரத்தில் இருக்கும் எம் தம்பி, “அண்ணா, எடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் வைத்துக்கொள்கிறேன்” என்றான். சான்றுக்காக அலுவலகத்துக்கு நடந்த நடையை விரித்தால் இம்மலரில் வேறெவருக்கும் இடமிராது. சான்று கைக்கு வந்த வாரத்தில், வண்டியைத் துடைத்து வைக்க வெளியே எடுத்தபோதுதான் காது அறுந்தது. வண்டி மெல்லச் சாய்ந்து மதிற்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

நடுத்தாங்கி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் 160 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைப் பின்னுக்கு இழுத்து அதன்மேல் ஏற்ற வேண்டும். தம்பிக்கோ முதுகில் அறுவை நடந்திருந்தது. பக்கத்தாங்கி இல்லையேல் அவனுக்கு வண்டி இல்லை. அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: “சுவரில் சாய்த்து வைக்கிற நிலையில் அப்பா வண்டியை அனுப்பாதே. அவன் எந்தச் சுவரைத் தேடுவான்?”

கரோல்பாகில் நாயிவாலா சந்தை ஒட்டிய தெருக்களில் புல்லட்டுக்குக் கிடைக்காத பொருள் இல்லை. தமிழ் மாணவர் கூட்டமும் சாம்பார் மணமும் ஒரு புறம், கறுப்பு எண்ணெய் படிந்த நடைபாதை ஒரு புறம் என்று இருக்கும் அவ்வட்டாரம் நமக்குப் புதிதன்று. முதற்கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், “சட்டத்தையே மாற்றிவிடுங்கள், பழைய சட்டம் நல்லதாக ஒன்று வைத்திருக்கிறேன்” என்றார். எளிய வழிதான். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள எண் சட்டத்தில் அல்லவா பொறிக்கப்பட்டிருக்கிறது? என்ஜினைப் பிரித்து எத்தனை உறுப்பை மாற்றினாலும் வண்டி அதே வண்டி. சட்டம் மாறினால் அந்தப் பெயரில் வேறொரு வண்டி. அரும்பாடுபட்டுப் பெற்ற சான்றும் பயனற்றுப் போகும். எனவே, நான்கு விரற்கடை இரும்பைச் செப்பனிடுவதே நாம் செய்யக்கூடிய ஒரே செயலாயிற்று.

சந்தின் உள்ளே ஒடுங்கிய பட்டறை வைத்திருந்தார் ஒரு பெரியவர். எழுபதைத் தொட்டவர், எல்லோரும் உஸ்தாத் என்றே அழைத்தனர். அவருடைய தந்தையார் 1947இல் ராவல்பிண்டியிலிருந்து கைப்பெட்டி ஒன்றோடு வந்தவராம். உஸ்தாத் நம்மிடம் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் அமர்ந்து முறிந்த இடத்தைத் துணியால் துடைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். முறிவின் முக்காற்பங்கு துருவேறிப் பழுப்பாகவும், எஞ்சிய காற்பங்கு வெள்ளி போலவும் இருந்தது. “பழுப்பாக இருப்பது பல ஆண்டுகளுக்கு முன் அறுந்தது. வெள்ளையாக இருப்பது மட்டுமே போன வாரத்தது. இவ்வளவு நாளும் இந்தக் கால் பங்கிலேதான் நின்றிருக்கிறது” என்றார். எவரோ வழியில் எப்போதோ பற்றவைத்த தடயமும் இருந்தது. வண்ணப்பூச்சைக்கூடச் சுரண்டாமல் மேலே வழியவிட்ட உலோகம், விரிசலுக்குள் இறங்காமல் மெழுகு போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து அரத்தால் ஓரிடத்தைத் தேய்த்து, மஞ்சள் தெரிகிறதா என்று பார்த்தார். பித்தளை கொண்டு இணைத்த இடமாயின் அதன்மேல் மின்வெல்டிங் பிடிக்காது. அங்கங்கே நுரைத்துப் பின்னர் வெடிக்கும். மஞ்சள் இல்லை. நிம்மதியாகத் தலையசைத்தார். பிறகு பெட்ரோல் தொட்டி இறங்கிற்று, பேட்டரி கழன்றது, தாங்கியின் வில்சுருள் கழன்றது. சட்டத்தின் குழாயிலும் மயிரிழை போன்றதொரு விரிசல் ஓடியிருந்தது. அதன் நுனியைக் கண்டுபிடித்து அங்கே சிறு துளையிட்டார். விரிசலின் கூர்முனை வட்டத்தில் முடிந்துவிட்டால் அது மேற்கொண்டு ஓடாது என்பது கணக்கு. விரிசலின் நெடுகிலும் அரத்தால் பள்ளம் எடுத்து, உலோகம் அடிவரை இறங்க வழி செய்தார். ஒரு விரிசலை மூடுவதற்கு முன் அதை இத்தனை அகலமாகத் திறப்பார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை.

புதுக் காதை நேரே குழாயில் ஒட்டவில்லை. ஐந்து மில்லிமீட்டர் தகட்டைக் குழாயின் வளைவுக்கேற்பச் சேணம் போல் வளைத்து முதலில் அதை அணைத்து, அதன்மேல் காதை வைத்தார். பாரம் ஒரு புள்ளியில் குத்தாமல் பரவ வேண்டுமாம். குழாயைச் சுற்றி வளையமாகப் பற்றவைக்கவும் இல்லை. அப்படிச் செய்தால் அவ்வளையத்தின் ஓரத்திலேயே அடுத்த முறிவு வரும் என்றார். முதலில் இரண்டு பொட்டு மட்டும். தாங்கியைப் பொருத்தி, சக்கரங்கள் தரையில் இருக்க, வண்டி எவ்வளவு சாய்கிறது என்று பார்த்தார். நிமிர்ந்து நின்றால் வலப்புறம் கவிழும். மிகச் சாய்ந்தால் பாரம் முழுதும் காதில் ஏறும். இரண்டு முறை பொட்டை உடைத்துக் கோணத்தை மாற்றினார். பிறகு விரலளவு இங்கொன்று, அங்கொன்றாக, ஆறவிட்டு ஆறவிட்டுப் பற்றவைத்தார். உடனிருந்த பையன் தண்ணீர்க் குவளையை எடுக்க, உஸ்தாத் போட்ட அதட்டலில் தெருவே திரும்பிப் பார்த்தது. சூட்டில் நீர் பட்டால் இரும்பு நொறுங்கும் தன்மை அடைந்துவிடும்.

நமக்கு மிகவும் பிடித்தது கடைசி வேலை. தாங்கி சுழலும் ஆணியின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. அதற்குப் புது உறையும் ஆணியும் இட்டபின், வில்சுருளை மாட்டும் கொக்கியின் இடத்தை நான்கைந்து தடவை மாற்றிப் பார்த்தார். மடக்கினாலும் இறக்கினாலும் வில்லின் இழுவை ஆணியின் மையத்தைத் தாண்டி அந்தந்தப் பக்கமே இழுக்க வேண்டும். இல்லாவிடில் ஓடும்போது தாங்கி தானே இறங்கும்; இடப்புறம் திரும்பும் வேளையில் அது தரையைக் குத்தினால் ஓட்டுபவர் தூக்கி எறியப்படுவார். “முறிந்த ஸ்டாண்டு வண்டியைத்தான் சாய்க்கும், தொங்குகிற ஸ்டாண்டு ஆளைச் சாய்க்கும்” என்றார் உஸ்தாத்.

தாங்கியின் பாதத்தைச் சுற்றிச் சாக்கட்டியால் கோடு கிழித்து, வண்டியை ஓரிரவு பட்டறையிலேயே நிறுத்தினார். மறுநாட் காலையில் பாதம் கோட்டை விட்டு நகரவில்லை. கூலி 600 ரூபாய். அறுந்த பழைய காதைத் துணியில் சுற்றி நம் கையில் கொடுத்தார்; அம்மா அதைத் தையல் பெட்டியில் போட்டுக்கொண்டார்.

பார்சல் அலுவலகத்தில் தொட்டியை வற்றவிட்டு, வைக்கோலும் சாக்கும் சுற்றி, முகவரித் துணி கட்டி, தமிழ்நாடு விரைவு வண்டியில் ஏற்றினோம். கூடூர் வழியாகச் சென்னை சேரும் அத்தடம் திருவொற்றியூரைத் தொட்டுத்தான் செல்கிறது. சாக்குக்குள் இருந்த வண்டிக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. நாம் மட்டும் கால அட்டவணையைப் பார்த்து, இந்நேரம் கடந்திருக்கும் என்று அம்மாவிடம் சொன்னோம்.

மறு வாரம் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

“அண்ணா, வண்டி நன்றாக நிற்கிறது. ஸ்டாண்டை மடக்கும்போது மட்டும் கிரீச்சென்கிறது.”

“ஆணியில் கொஞ்சம் கிரீஸ் வை” என்றோம். “அப்புறம், அதன்மேல் ஏறி நின்று உதைக்காதே.”

“அப்பா அப்படித்தானே உதைப்பார்?” என்றான்.