ரயில் போன வழியில்

சைக்கிள் விடுவதற்காக ஒருத்தி ஜெர்மனி வரை போவாளா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நான் போனது கல் பார்ப்பதற்கு. சென்ற கோடையில் இரண்டு மாதம் ரைன் நதிக்கரையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். எரிமலைப் பாறையைக் காகிதம்போல் மெல்லியதாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது வேலை. ஐந்தாம் வாரத்தில் அங்கிருந்த ஆராய்ச்சியாளர் ஒருவர், "கல்லை இங்கே பார்த்தது போதும். அது கிடக்கும் இடத்தைப் போய்ப் பார். என் சைக்கிளை எடுத்துக்கொள்" என்றார்.

சைக்கிள் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. புனே ஒரு காலத்தில் சைக்கிள் நகரம் என்று பெயர் பெற்றிருந்ததாம். நான் கண்ட புனே வேறு. கல்லூரியில் சேர்ந்த முதலாண்டில் ஒரு மாலை வேளை, பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று என் கைப்பிடியை உரசிவிட்டுப் போயிற்று. நான் சாலையில் கிடந்தேன். என் தலைக்கு இரண்டு முழத்தில் ஒரு லாரியின் சக்கரம் நின்றது. முறிந்த முழங்கை ஆறு வாரத்தில் கூடிற்று, மனம் கூடவில்லை. அன்று முதல் என் சைக்கிள் விடுதிக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. அதன் சக்கரத்தில் சிலந்தி வலை பின்னியதைப் பார்த்து, இனி எடுக்க வேண்டியதில்லை என்று நிம்மதி அடைந்தவள் நான்.

"இந்தப் பாதையில் கார் வராது" என்றார் அவர்.

"லாரி?"

"லாரியும் வராது. அது பழைய ரயில் பாதை."

ரயில் என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது. காரணம் பிறகு சொல்கிறேன்.

ஜெர்மனியின் மேற்கு எல்லையை ஒட்டி ஐஃபெல் என்ற மலைநாடு இருக்கிறது. வானளாவும் சிகரங்கள் அங்கே இல்லை. காடு, புல்வெளி, கோதுமை வயல், நடுநடுவே கூம்பு கூம்பாகக் குன்றுகள். இவற்றின் நடுவில், யாரோ வட்டக் கரண்டியால் தோண்டி எடுத்ததுபோல், உருண்டையான ஏரிகள். அவற்றை 'மார்' என்கிறார்கள். அந்த வட்டாரத்துக் குடியானவர்களின் சொல் அது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ட்ரியர் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஸ்டைனிங்கர் என்பவர் அதை அறிவியலுக்குள் கொண்டுவந்தார். இன்று உலகில் எங்கே அத்தகைய ஏரி இருந்தாலும் நிலவியலார் அதை ஐஃபெல் குடியானவரின் சொல்லாலேயே அழைக்கிறார்கள்.

கீழிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலேறி வருகிறது. வழியில் நிலத்தடி நீரைச் சந்திக்கிறது. காய்ந்த எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் கண்டதுதான். நீர் ஒரு நொடியில் ஆவியாகிப் பாறையைத் தகர்த்து வெடிக்கிறது. மலை எழுவதற்குப் பதிலாகப் பள்ளம் விழுகிறது. பின்னாளில் அப்பள்ளத்தில் நீர் நிறைகிறது. இவற்றுள் இளையதான உல்மன் ஏரிக்கு வயது ஏறத்தாழ 11,000 ஆண்டு. நம் விடுதிக்கு அடியில் கிடக்கும் தக்காணத்துக் கரும்பாறையோ ஏறக்குறைய 6 கோடியே 60 லட்சம் ஆண்டுக்கு முன் வழிந்த குழம்பு. அதன் முன் உல்மன் நேற்றுப் பிறந்த குழந்தை.

கோப்ளென்ஸிலிருந்து ரயிலில் விட்லிக் போய், அங்கே பஸ் பிடித்தேன். பஸ்ஸின் பின்னால் சைக்கிள்களுக்கென்றே ஒரு தொடர்வண்டி கட்டியிருந்தது. மேலே டவுன் என்ற சிற்றூரில் இறங்கினேன். அங்கிருந்து மோசல் நதி வரை 58 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்ட ரயில் பாதையை அந்நூற்றாண்டு முடிவதற்குள் மூடினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, அதன் பெரும்பகுதியில் தார் போட்டுச் சைக்கிளுக்கு விட்டார்கள்.

முதல் ஐந்து கிலோமீட்டர் நான் பாதையைப் பார்க்கவேயில்லை. இரண்டு மிதி மிதிப்பேன், வலப்புறம் திரும்பிப் பின்னால் பார்ப்பேன். அந்த நாட்டில் முந்துகிற வண்டி இடப்புறமாக வரும் என்பதுகூட என் கழுத்துக்குத் தெரியவில்லை! பின்னால் வந்ததெல்லாம் காற்றுதான். ஒருமுறை மணியோசை கேட்டுத் துள்ளி இறங்கி ஓரமாக நின்றேன். எழுபது வயதிருக்கும் பாட்டி ஒருத்தி, கூடையில் நாய்க்குட்டியோடு, வணக்கம் சொல்லிக்கொண்டே என்னைக் கடந்து போனாள்.

ஷால்கன்மேரன் ஏரியை நெருங்கியபோது, வெகுநேரமாகத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எப்போது நிறுத்தினேன் என்று தெரியாது. அதற்கு அடுத்தது வைன்ஃபெல்டு ஏரி. கரையில் ஒரு சிறு தேவாலயமும் கல்லறைகளும் மட்டும் நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் வந்து அந்த ஊர் அழிந்தது. ஊர் போயும் கோயில் இருக்கிறது. கில்லன்ஃபெல்டு அருகே புல்வர் ஏரிக்குச் சற்று விலகிப் போய், எலுமிச்சைச் சாதத்தைப் பிரித்தேன். கரையிலே குழந்தைகள் நீந்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஆழம் 70 மீட்டருக்கு மேல். குழந்தைகளுக்குப் பாறையியல் தெரியாது, நல்லதுதான்.

ஆனால் நான் எழுத நினைத்தது ஏரியைப் பற்றி அல்ல. டவுனை விட்டதும் ஒரு சுரங்கம் வருகிறது. நீளம் 560 மீட்டர். உள்ளே விளக்குகள் எரிந்தன. குளிர்காற்று முகத்தில் அடித்தது. பாதி வழியில் சுவரில் ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு மாடம் குடைந்திருந்தது. நான் சைக்கிளை நிறுத்திவிட்டேன். அது என்ன என்று எனக்குத் தெரியும்.

என் தந்தையார் லோணாவளாவில் ரயில்வே கேங்மேன். விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காக வந்தவர். போர் கணவாயில் கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் இடையே உள்ள இருப்புப்பாதையில் சுத்தியலும் கொடியும் தூக்கி நடந்தே அவர் காலம் போயிற்று. 1863-இல் திறந்த பாதை அது. கரும்பாறையைக் குடைந்து போட்டது. மழைக்காலத்தில் மலையிலிருந்து பாறை உருண்டு தண்டவாளத்தில் விழும். அதை ரயிலுக்கு முன் பார்த்துவிடுவது அவர் வேலை. ஓர் ஆனி மாத இரவு, சுரங்கத்தின் நடுவில் இருக்கும்போது வண்டி வந்துவிட்டது. சுவர் மாடத்தில் ஒட்டி நின்றாராம். நான் ஏழு வயதில் கேட்ட கதை அது. பல நாள் கனவில் வந்திருக்கிறது.

சுரங்கத்தைவிட்டு வெளியே வந்து அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். எல்லாம் சொன்னேன்.

"ஏத்தம் எவ்வளவும்மா?" என்றார்.

"தெரியலைப்பா. அவ்வளவா மூச்சு வாங்கல."

"அப்ப அறுபதுக்கு ஒண்ணு, எழுபதுக்கு ஒண்ணு இருக்கும். நம்ம காட்டு முப்பத்தேழுக்கு ஒண்ணு."

அது பெருமையான எண்ணிக்கை. 37 அடி போனால் 1 அடி ஏற்றம். கர்ஜத்தில் பின்னால் வேறு எஞ்சின் கோத்துத் தள்ளினால்தான் வண்டி மேலேறும். இரும்புச் சக்கரம் இரும்பின்மேல் வழுக்கும் பொருள். செங்குத்தாக ஏறத் தெரியாது. அதனால்தான் மேட்டை வெட்டி, பள்ளத்தைத் தூர்த்து, மலையைக் குடைந்து, ரயிலுக்காகச் சமன் செய்தார்கள். எஞ்சினுடைய அந்தக் குறைதான் நாய்க்குட்டிப் பாட்டியையும் என்னையும் மலையில் சைக்கிள் விட வைத்தது.

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ரயிலை நிறுத்திட்டாங்க, சரி. அந்த ஊரு கேங்மேன்லாம் என்ன ஆனாங்க?" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாள் முழுதும் கால் மிதித்தது. மனம் அந்தக் கேள்வியையே மிதித்தது. பிளைன் ஊருக்கு முன்னால் ஒரு பெஞ்சியில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். ஆங்கிலம் கொஞ்சம் வந்தது. சிறுவயதில் இந்த ரயிலில் விட்லிக்குக்குப் போனவராம். அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் வியப்போடு என்னைப் பார்த்தார். இந்தப் பாதையில் வருகிறவர்கள் ஏரியைக் கேட்பார்கள், உணவு விடுதியைக் கேட்பார்கள்; இதை யாரும் கேட்டதில்லை என்றார்.

"என் பக்கத்து வீட்டுக்காரர் தண்டவாள வேலைதான் பார்த்தார். மோசல் பாதைக்கு மாற்றினார்கள். தினமும் காரில் வேலைக்குப் போய் வந்தார்."

"காரிலா?"

"ரயில்தான் இல்லையே!"

இருவரும் சிரித்தோம். மரங்களுக்கு அப்பால் நெடுஞ்சாலையின் இரைச்சல் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது. என் பாதையில் வராத கார்களெல்லாம் அங்கே போய்க்கொண்டிருந்தன. வண்டியில்லாத பாதை கிடைத்ததற்கு நான் மகிழ்ந்தேன், இப்போதும் மகிழ்கிறேன். ஆனால் ரயில் நின்றதற்கும் சேர்த்து மகிழ என்னால் முடியவில்லை. இரண்டும் ஒரே பாதை என்பதுதான் சங்கடம்.

பேச்சில் நேரம் போய்விட்டது. மோசல் வரை சைக்கிளில் போகாமலே விட்லிக்கில் ரயில் ஏறினேன்.

ஊர் திரும்பியதும் லோணாவளாவில் அப்பாவிடம் படங்களைக் காட்டினேன். ஏரிகளையெல்லாம் வேகமாகத் தள்ளிவிட்டார். சுரங்கத்துச் சுவர் மாடத்தின் படம் வந்ததும் கைபேசியைக் கண்ணருகில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள நின்னு பார்த்தியா?"

"நின்னேம்பா."

"முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கணும். இல்லன்னா காத்துல ஜல்லி வந்து அடிக்கும்" என்றார்.