குதிரையில் வில்லியம்ஸ்

பழைய மேதைகளின் ஓவியத்தை எடுத்தாள்வது கற்பனை வறட்சி என்பவர்கள் அமெரிக்க ஓவியர் கெஹிண்டே வைலி 2005இல் வரைந்த நெப்போலியனைப் பார்க்க வேண்டும். நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடப்பதாகப் பிரெஞ்சு ஓவியர் டாவிட் 1801இல் தீட்டிய அதே பாயும் குதிரை, அதே பறக்கும் மேலங்கி. சேணத்தில் மட்டும் ராணுவ உருமறைப்பு உடையும் தடித்த பூட்ஸும் போட்ட கறுப்பின இளைஞர். கீழே பாறையில் பொனபார்ட், அவருக்கு முன்பே ஆல்ப்ஸைக் கடந்த ஹன்னிபால் பெயர்களோடு, கறுப்பின அமெரிக்கர்களிடையே பரவலான ‘வில்லியம்ஸ்’ என்ற பெயரையும் பொறித்திருக்கிறார் வைலி. இத்தனை நாள் யாருக்கு அந்தக் குதிரை மறுக்கப்பட்டது என்ற கேள்வி அந்த ஒற்றைப் பெயரில் இருக்கிறது.

மூலத்தின் புகழில் குளிர்காய்வதுதானே இது என்று கேட்கலாம். புகழ் உதவுகிறது, உண்மைதான். மூலம் தெரியாதவருக்குப் பாதி நழுவிவிடும். ஆனால் டாவிட் காட்டியதும் நடந்ததல்லவே! நெப்போலியன் ஆல்ப்ஸைக் கடந்தது கோவேறு கழுதையில். டாவிட் வரைந்தது அதிகாரத்தின் தோரணையை. அதைத் தட்டிக் கேட்க அதே குதிரையில்தான் ஏறியாக வேண்டும். வேறொரு குதிரை டாவிட்டுக்குப் பதிலாகாது.