டர்போவைத் தாங்கும் மேனிஃபோல்டு: கோவைப் பட்டறையில் நேரில் பார்த்தபோது

கழற்றி வைத்திருந்த, எஞ்சின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் பழைய மேனிஃபோல்டை விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டினார் பட்டறைக்காரர். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களின் குழாய்கள் சேரும் கவட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. அதன் இரு பக்கமும் கரி படிந்திருந்தது.

"கரி இருக்குதுங்களா தம்பி? அந்த எடத்துல பொகை வெளிய வந்திருக்குதுன்னு அர்த்தம். காலைல ஸ்டார்ட் பண்ணுனா டிக் டிக்னு சத்தம் வரும். வண்டி சூடானா நின்னுரும். சத்தந்தான் நின்னுருச்சேன்னு விட்டுருவாங்க."

சூடேறியதும் உலோகம் விரிந்து விரிசலின் வாய் மூடிக்கொள்கிறது. அதனால்தான் சத்தம் அடங்குகிறது. விரிசலோ ஒவ்வொரு முறை வண்டி சூடாகி ஆறும்போதும் இன்னும் சற்று நீள்கிறது. டர்போவுக்குப் போக வேண்டிய அழுத்தம் வழியிலேயே கசிவதால் டர்போ சுழல எடுத்துக்கொள்ளும் நேரமும் கூடுகிறது.

கோவை கணபதியில், லேத்துப் பட்டறைகளுக்கு நடுவே இருக்கிறது இந்த இடம். செட்டிபாளையத்தில் 2003-ல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் வண்டிகளுக்கு எக்ஸாஸ்ட் வேலை செய்து பழகியவர் இவர். நான் போனது நண்பருடைய காருக்காக. 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 2000களில் வந்த செடான். அசல் உதிரிபாகம் இப்போது கிடைப்பதில்லை. வெளியே கிடைப்பதில் எது நீடித்து உழைக்கும் என்பதுதான் எங்கள் கேள்வி. மேசைமேல் மூன்று இருந்தன: ஒரு வார்ப்பு மேனிஃபோல்டு, கண்ணாடி போலப் பாலிஷ் செய்த குழாய் மேனிஃபோல்டு, பட்டறைக்காரர் தடித்த பைப்பில் பாதி கட்டி வைத்திருந்த இன்னொன்று.

எதையும் கையில் எடுக்கும் முன் சூட்டின் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பெட்ரோல் டர்போ எஞ்சினை முழு விசையில் ஓட்டும்போது டர்போவுக்குள் நுழையும் புகை 900 டிகிரி செல்சியஸைத் தொடும். சில புதிய எஞ்சின்களில் 1,000-ஐயும் தாண்டும். இவ்வளவு சூட்டில் கிடக்கும் மேனிஃபோல்டை, தண்ணீர் ஓடிக் குளிர்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டோடு நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறோம். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரு ஓர ஸ்டட்களுக்கு இடையே 33 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேனிஃபோல்டு 600 டிகிரிக்குப் போனால் அந்த நீளத்தில் வார்ப்பிரும்பு ஏறக்குறைய 2.5 மி.மீ. விரியும். 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஏறக்குறைய 3.5 மி.மீ. விரியும். 120 டிகிரியைத் தாண்டாத ஹெட்டோ 1 மி.மீ.கூட விரியாது. இந்த வித்தியாசத்துக்கு எங்காவது இடம் வேண்டும். இடம் இல்லையென்றால் ஸ்டட் முறியும், இல்லை ஃபிளேன்ஜ் வளையும், இல்லை கவட்டில் கிழியும். எல்லா விரிசலுக்கும் இதுதான் மூலம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பட்டறையின் மூலையில் கிடந்த பழைய மேனிஃபோல்டுகளைப் புரட்டிப் பார்த்தபோது பெரும்பாலானவை இந்தக் கதையைத்தான் சொல்லின.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது ஸ்டட் ஓட்டைகளை. நடு ஓட்டை ஸ்டட்டுக்குச் சரியாகப் பொருந்தி மேனிஃபோல்டை இடத்தில் நிறுத்த வேண்டும். ஓரத்துக்குப் போகப் போக ஓட்டைகள் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் ஃபிளேன்ஜ் இரு பக்கமும் நகர முடியும். வார்ப்பு மேனிஃபோல்டில் அப்படித்தான் இருந்தது. பாலிஷ் போட்டதில் எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஸ்டட்டை இறுக்கிப் பிடிக்கும் அளவு. அதன்மேல் எனக்கு முதல் சந்தேகம் அங்கேதான் வந்தது.

பிறகு அதை முழுதாகச் சோதித்தோம். சர்ஃபேஸ் பிளேட்டில் கவிழ்த்து வைத்து ஃபீலர் கேஜை நுழைத்தார். 0.4 மி.மீ. தகடு நடுவில் தாராளமாகப் போய் வந்தது. வெல்டிங் சூட்டில் ஃபிளேன்ஜ் வளைந்திருக்கிறது, பிறகு யாரும் மில்லிங் போட்டுச் சமப்படுத்தவில்லை. இதை அப்படியே மாட்டினால் கேஸ்கெட் ஊதும். நட்டை இறுக்கி நேராக்கினால் அந்த இறுக்கம் முழுவதும் வெல்டில் போய் உட்காரும்.

"வெளிய இருக்குற பளபளப்ப விடுங்க. உள்ள வெரல விட்டுப் பாருங்க," என்றார்.

போர்ட்டுக்குள் விரலை விட்டேன். வெல்ட் போட்ட இடத்தில் உட்புறம் சொரசொரவென்று கருகித் திரண்டிருந்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஆர்கான் வெல்டிங் செய்யும்போது டார்ச்சிலிருந்து வரும் வாயு வெளிப்பக்கத்தை மட்டுமே காக்கும். உள்பக்கம் காற்றில் எரியாமல் இருக்கக் குழாயின் இரு முனைகளையும் அடைத்து உள்ளேயும் ஆர்கானை நிரப்ப வேண்டும். பர்ஜிங் என்கிற அந்த வேலைக்கு நேரமும் வாயுவும் செலவாகும். விலை குறைவாக விற்பவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். கருகிய திரட்டு ஒவ்வொன்றும் விரிசல் தொடங்க வசதியான இடம். துண்டு உதிர்ந்தால் அது நேராகப் போய் மோதுவது டர்போவின் டர்பைன் இறக்கைகளில்.

பெட்டியில் 304 என்று அச்சிட்டிருந்தது. காந்தத்தை வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. சரிதான் என்று நினைக்கும்போது பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். வீட்டு கேட்டுக்கும் கைப்பிடிக்கும் ஸ்டீல் வாங்கியவர்களுக்கு 202, 304 சண்டை தெரிந்திருக்கும். 200 வரிசையும் காந்தத்தில் ஒட்டாது. நிக்கலைக் குறைத்து, மாங்கனீஸைக் கூட்டிச் செய்வது அது. காந்தத்தால் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லவே முடியாது. பக்கத்துத் தெருவில் ஸ்டெயின்லெஸ் ஸ்கிராப் வாங்கும் கடையில் துப்பாக்கி வடிவில் ஒரு எக்ஸ்ரே சோதனைக் கருவி இருந்தது. குழாயில் வைத்து அழுத்தியதும் சில விநாடிகளில் எண்கள் வந்தன. மாங்கனீஸ் 9 சதவீதத்தைத் தாண்டியிருந்தது, நிக்கல் 1 சதவீதத்தை ஒட்டி நின்றது. 304-ல் நிக்கல் 8 சதவீதமாவது இருக்க வேண்டும், குரோமியம் 18 சதவீதம் அளவில். சமையலறைத் தட்டுக்கே யோசிக்க வேண்டிய உலோகத்தை 900 டிகிரிப் புகைக்கு விற்றிருக்கிறார்கள்.

உண்மையான 304-க்கும் ஒரு பலவீனம் உண்டு. ஏறத்தாழ 425 முதல் 870 டிகிரி வரையுள்ள சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அதிலுள்ள கார்பன் குரோமியத்தோடு சேர்ந்து உலோக மணிகளின் எல்லைகளில் ஒதுங்கிவிடும். அந்த எல்லைகள் குரோமியம் இழந்து வலுக்குன்றும். மேனிஃபோல்டு வாழ்நாள் முழுவதும் கிடப்பது இந்தச் சூட்டில்தான். டைட்டானியம் சேர்த்த 321, நியோபியம் சேர்த்த 347 இரண்டும் இதற்காகவே உருவானவை. கார்பனை அந்தச் சேர்மானங்கள் பிடித்துக்கொள்வதால் குரோமியம் இடத்திலேயே நிற்கும். 321-ஐ வெல்டிங் செய்ய 347 ஃபில்லர் ராடு போடுவார்கள், ஏனென்றால் டைட்டானியம் வெல்டிங் ஆர்க்கைத் தாண்டி முழுதாக வந்து சேராது. விற்பவரிடம் எந்த ராடு போட்டீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும் வேகத்திலேயே அவருக்கு வேலை தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

இனி பட்டறைக்காரர் கட்டிக்கொண்டிருந்ததற்கு வருவோம். ஷெட்யூல் 10 பைப், சுவர் தடிமன் 2.77 மி.மீ. பாலிஷ் போட்டதில் அது 1.5 மி.மீ. அளவுதான். 12 மி.மீ. ஃபிளேன்ஜை ஒரு பழைய சிலிண்டர் ஹெட்டிலேயே முடுக்கி வைத்திருந்தார். எல்போ துண்டுகளை வெட்டி, இடைவெளி இல்லாமல் ஒட்டும்வரை ராவி, புள்ளி வெல்டில் நிறுத்தியிருந்தார். வெல்டை ஒரே மூச்சில் ஓட்டவில்லை. முதல் போர்ட்டில் ஓர் அங்குலம், பிறகு நான்காவதில் ஓர் அங்குலம், பிறகு மூன்றாவதில். சூடு ஒரே பக்கம் குவியக் கூடாது என்பதற்காக. முடிந்ததும் ஹெட்டோடு சேர்த்தே ஆறவிட்டு, அதன்பிறகு கழற்றி மில்லிங்குக்கு அனுப்புவாராம். அந்தப் பொறுமையை நான் மதிக்கிறேன். கோவையின் பெயர் நிற்பது இப்படிப்பட்ட கைகளால்தான்.

ஆனால் அவரே ஒன்றைச் சொன்னார்: "ரேசுக்கு வேணும்னா இதப் போடலாமுங்க. ஓடி முடிச்சா கழட்டிப் பாப்பாங்க. தெனமும் ஆபீஸ் போற வண்டிக்கு வார்ப்புத்தான் நல்லது."

அதைக் கேட்டபிறகுதான் ஃபவுண்டரிக்குப் போனோம். பம்புக்கும் மோட்டாருக்கும் வார்த்துப் பழகிய ஊர் இது. போன இடத்தில் மேனிஃபோல்டும் வார்க்கிறார்கள். அங்கே முதலில் தெளிந்தது, வார்ப்பிரும்பு என்ற பெயரில் வருவதெல்லாம் ஒன்றல்ல என்பது. சாதாரண வார்ப்பிரும்பில் கிராஃபைட் தகடுதகடாக இருக்கும், விரிசல் அந்தத் தகடுகளின் ஓரமாகவே ஓடிவிடும். உருகிய இரும்பில் மக்னீசியம் சேர்த்தால் கிராஃபைட் உருண்டையாகிறது, இரும்பும் எளிதில் கிழியாததாகிறது. அதோடு சிலிக்கான் 4 சதவீதம் அளவிலும், மாலிப்டினம் 0.5 முதல் 1 சதவீதம் வரையிலும் சேர்ப்பது மேனிஃபோல்டுக்கான கலவை. சிமோ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். உலோகம் 820, 850 டிகிரிவரை சூடானாலும் இது தாக்குப்பிடிக்கும். அதற்கும் மேலே போக வேண்டுமானால் 35 சதவீதம் நிக்கல் கொண்ட இரும்போ, வார்ப்பு ஸ்டெயின்லெஸ்ஸோ வேண்டும். விலையும் அதற்கேற்ப ஏறும்.

கழித்துப் போட்ட ஒன்றை நீளவாக்கில் அறுத்து வைத்திருந்தார்கள். ஒரு பக்கச் சுவர் 6 மி.மீ., எதிர்ப்பக்கம் 3.5 மி.மீ. மணல் கோர் வார்க்கும்போது நகர்ந்திருக்கிறது. மெல்லிய பக்கம் முதலில் சூடாகி முதலில் வெடிக்கும். வாங்குபவர் அறுத்துப் பார்க்க முடியாதுதான். ஆனால் போர்ட்டின் வாயில் சுற்றிலும் சுவர் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று வெர்னியரில் அளந்து பார்க்கலாம். உள்ளே மணல் ஒட்டியிருக்கிறதா, பிசிறு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

குட்டையான வார்ப்பு மேனிஃபோல்டில் புகை அழகாகச் சேர்வதில்லை, சில குதிரைத்திறன் குறையும் என்பது உண்மை. சமநீளக் குழாய்கள் உயர் வேகச் சுழற்சியில் அதிகம் தரும். ஆனால் குழாய் நீள நீள அது விரிவதும் கூடும், டர்போ தொங்கும் தூரமும் கூடும். சாலையில் ஓடும் காருக்கு அந்தப் பேரம் கட்டுப்படியாகாது என்பது என் முடிவு.

தொங்கும் டர்போவைப் பற்றி ஒரு வார்த்தை. டர்போவின் கனம் முழுவதையும் மேனிஃபோல்டு சுமந்தால், குலுங்கும் ஒவ்வொரு பள்ளத்திலும் வெல்ட் வளைகிறது. எஞ்சின் பிளாக்கிலிருந்து டர்போவுக்கு ஒரு தாங்கு பிராக்கெட் வேண்டும், அதன் போல்ட் ஓட்டையும் நீளமாக இருக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் பிராக்கெட் மேனிஃபோல்டை விரியவிடாமல் தானே உடைக்கும். டர்போவுக்குப் பின்னுள்ள டவுன் பைப்பில் வளையும் பெல்லோஸ் கட்டாயம். கேஸ்கெட் பல அடுக்கு ஸ்டீலில் வாங்குங்கள், ஸ்டட்களைப் புதிதாகப் போடுங்கள், சில முறை சூடாகி ஆறியபின் நட்டுகளை மறுபடி சரிபாருங்கள். மேலே துணிப்பட்டை சுற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சூட்டை உலோகத்துக்குள்ளேயே அடைத்து அதன் ஆயுளைக் குறைக்கும், மழைக்காலத்தில் ஈரத்தையும் பிடித்து வைக்கும். எஞ்சின் அறையின் சூடு குறைய வேண்டுமானால் செராமிக் பூச்சு மேல்.

இக்னிஷன் டைமிங்கைத் தாமதமாக்கி ட்யூன் செய்த வண்டியில் எரிதல் பிந்தி, அந்தச் சூடு அப்படியே மேனிஃபோல்டுக்கு வரும். அந்த வண்டியில் எந்த உலோகம் போட்டாலும் ஆயுள் குறையும், எனவே ட்யூனை முதலில் சரிசெய்யுங்கள்.

எல்லா டர்போ காருக்கும் இந்தத் தேடல் கிடையாது. மறைமலை நகரில் தயாராகி 2013-ல் விற்பனைக்கு வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டின் 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் மேனிஃபோல்டு ஹெட்டுக்குள்ளேயே வார்க்கப்பட்டது, டர்போ நேராக ஹெட்டில் உட்காரும். புதிய எஞ்சின்கள் பல இந்த வழியில் போய்விட்டன. வேறு சிலவற்றில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் டர்போவை ஒட்டியே இருக்கிறது. மேனிஃபோல்டு மாற்றும் சாக்கில் அதைக் கழற்றாதீர்கள். புகைக் கட்டுப்பாட்டு விதி இருக்கிறது, நாம் எல்லோரும் மூச்சு விடும் காற்றும் இருக்கிறது.

நண்பருக்கு நான் சொன்னது இது: சிமோ வார்ப்பு மேனிஃபோல்டை வாங்கு, உலோகக் கலவைச் சான்றிதழைக் கேட்டு வாங்கு, ஃபிளேன்ஜை மில்லிங் போட்டுச் சமப்படுத்து, பிராக்கெட்டோடு மாட்டு. குழாய் மேனிஃபோல்டுதான் வேண்டும் என்பவர்கள் 321-ல், பர்ஜிங் செய்து, தடித்த ஃபிளேன்ஜோடு கட்டித் தருபவரைத் தேடிப் போங்கள், வேலை நடக்கும்போது ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். பளபளப்பைப் பார்த்து மட்டும் பணத்தைக் கொடுக்காதீர்கள்.