நீலப் பூனையும் என் பாட்டியும்

வானொலி அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்துவிடும். நேயர்கள் பாட்டைக் கேட்கும்போது, பாட்டின் பெயருக்கு முன்னால் ஓர் ஆளின் பெயரைச் சொல்வார்கள். "எங்கப்பா லோரி ஓட்டும்போது பாடுவார்மா", "எங்க அக்கா கல்யாணத்துல போட்ட பாட்டு" என்பார்கள். படத்தின் பெயர், பாடகர் பெயர் எல்லாம் பிறகுதான். சில நேரம் அதுவும் மறந்திருக்கும். நாங்கள்தான் கண்டுபிடித்துப் போட வேண்டும்.

சினிமா எடுப்பவர்களுக்கும் இந்தச் சங்கதி தெரியும். ஜப்பானிய அனிமே படங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. புகழ்பெற்ற பாடகர் ஒருவரை மையப் பாடலைப் பாட வைப்பார்கள். அதற்குத் தனியாக ஒரு காணொளி எடுத்து வெளியிடுவார்கள். படத்துக்கு முதல் விளம்பரமே பல நேரம் அந்தப் பாட்டுதான்.

அப்படி வந்த ஒரு பாட்டு 'நிஜி'. ஜப்பானிய மொழியில் வானவில் என்று பொருள். 'ஸ்டாண்ட் பை மீ டோரேமோன் 2' படத்துக்காக, நடிகரும் பாடகருமான சுடா மசாகி பாடியது. பெருந்தொற்றால் தள்ளிப்போன படம், 2020 நவம்பர் 20-ஆம் தேதி ஜப்பானில் திரைக்கு வந்தது. காணொளியில் சுடாவும் நடிகை ஃபுருகாவா கொத்தோனேயும் கணவன் மனைவியாக வருகிறார்கள். ஒரு வீடு, ஒரு தம்பதி, அவர்களுடைய சின்னச் சின்ன நாட்கள். சிறுவர் படத்துக்கு எதற்கு இந்தக் குடும்பக் கதை என்று கேட்கத் தோன்றும்.

காரணம் இருக்கிறது. நாம் பார்த்த அந்த நோபித்தா இந்தப் படத்தில் மாப்பிள்ளை ஆகிறான். பரீட்சையில் முட்டை வாங்கி, கூட்டாளிகளிடம் அடி வாங்கி, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி வந்த பையனுக்குக் கல்யாணம். அவனைப் பார்த்து வளர்ந்த நமக்கும் கல்யாணமாகி, வீட்டுக் கடன் வந்து, சிலருக்கு முடியும் கொட்டிவிட்டது. டிக்கெட் வாங்கப் போவது நாம்தான் என்பது பட நிறுவனத்துக்குத் தெரியும். 2014-இல் வந்த முதல் பாகம் ஜப்பானில் மட்டும் 800 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. குழந்தைகளின் சேமிப்பு உண்டியலிலிருந்து வந்த பணமா அது?

ஊடகத்துறை படிக்கும்போது, ஏக்கத்தை வைத்துப் பொருளை விற்கும் உத்தியைப் பற்றிக் கட்டுரையெல்லாம் எழுதியிருக்கிறேன். அத்தனையும் தெரிந்திருந்தும், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஓர் இரவு கைப்பேசியில் அந்தக் காணொளியைப் பார்த்தபோது கண் கலங்கியது. ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. நான் பார்த்து வளர்ந்த டோரேமோன் மலாய்தான் பேசும்.

எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதே இல்லை. என்டிவி7 போட்டால் நீலப் பூனை மலாய் பேசும். ஜப்பானியக் கதை, மலாய்க் குரல், பார்ப்பது தமிழ் வீடு. அதில் எதுவும் எங்களுக்கு வினோதமாகப் படவில்லை. டோரேமோன் 22-ஆம் நூற்றாண்டிலிருந்து வந்த இயந்திரப் பூனை என்பதையே நம்பியவர்கள், அது மலாய் பேசுவதை நம்ப மாட்டோமா?

பாட்டி எங்களோடு உட்கார்ந்து பார்ப்பார். பார்ப்பார் என்றால், கண் பாதி திரையில், பாதி மடியில். குவீன் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோவில் பக்கம் இருந்த கடைக்குப் பூ கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். விரல்கள் மல்லிகையைக் கட்டிக்கொண்டே போகும். சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் பாட்டிக்கு மலாய் வரும். அதனால் கதையை எங்களிடம் கேட்பார். "என்னடி, அந்தப் பையன் இன்னைக்கும் முட்டையா?" என்பார். "ஆமா பாட்டி" என்றால், "பாவம், அவன் அம்மா ரொம்பத்தான் திட்டுறா" என்று நோபித்தாவுக்காகப் பரிந்து பேசுவார். எங்கள் பரீட்சைத் தாளுக்கு மட்டும் அந்தப் பரிவு கிடைத்ததில்லை.

இரண்டாம் பாகத்தின் கதை, 1970-இல் வந்த ஒரு சித்திரக்கதையிலிருந்து எடுத்தது. டோரேமோனை உருவாக்கிய ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ அதைத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே எழுதியது. கிழிந்து ஒட்டுப்போட்ட பழைய பொம்மைக் கரடி ஒன்று நோபித்தாவின் கையில் கிடைக்கிறது. அதைத் தைத்துக் கொடுத்த பாட்டி, அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே இறந்துபோனவர். கால இயந்திரத்தில் ஏறிப் பாட்டியைப் பார்க்கப் போகிறான். வளர்ந்த பையனாக வந்து நின்று, நான்தான் நோபித்தா என்கிறான். பாட்டி கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. எனக்கு அப்படித்தான் தோன்றியது என்கிறார். பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்க ஆசை என்கிறார். புத்தகப் பையோடு வந்து நிற்கிறான். அடுத்து, உன் மனைவியையும் பார்த்துவிட்டால் நல்லது என்கிறார். சித்திரக்கதை அந்த ஆசையோடு முடிகிறது. ஐம்பது ஆண்டு கழித்து வந்த படம் அந்த ஆசையைக் கையில் எடுத்துக்கொள்கிறது. காணொளியில் கணவனும் மனைவியும் ஏன் வருகிறார்கள் என்பது இப்போது புரியும்.

சிறுவயதை அழகாக்கி விற்பதைப் பற்றி ஜோர்ஜ்டவுன்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2008-இல் நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச், ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சுவரில் சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளை வரைந்தார். நிஜ சைக்கிள், வரைந்த பிள்ளைகள். அதன் முன்னால் படம் எடுக்க இன்றும் வரிசை நிற்கிறது. எனக்கும் அந்த ஓவியம் பிடிக்கும். ஆனால் அந்தத் தெருக்களில் நிஜமாகவே சைக்கிள் ஓட்டிய பிள்ளைகளில் பலர் அதற்கு முன்பே இடம் மாறிப் போய்விட்டார்கள்.

1948-க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை ஏறவிடாமல் பிடித்து வைத்திருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999 டிசம்பர் 31-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தது. அடுத்த நாளிலிருந்து வீட்டுக்காரர் கேட்பதுதான் வாடகை. பழைய கடைவீடுகளின் மாடியில் தலைமுறையாகக் குடியிருந்தவர்கள் மூட்டை கட்டினார்கள். நாங்களும்தான். மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்கு வந்த முதல் நாள், பெட்டிகளுக்கு நடுவே தொலைக்காட்சியைத்தான் முதலில் மாட்டினார் அப்பா. பூனை அங்கேயும் வந்து மலாய் பேசியது. பூக்கடைதான் தூரமாகிவிட்டது. பாட்டியின் மடி சும்மா இருந்தது. முதல் முறையாகக் கண் முழுவதும் திரையில் வைத்துப் பார்த்தார். "இந்தப் பூனை கதவு ஒண்ணு வெச்சிருக்கே, திறந்தா நெனச்ச இடத்துக்குப் போகுமே, அது எவ்ளோ வெள்ளி இருக்கும்?" என்று கேட்டார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

நான் இடைநிலைப் பள்ளியில் இருந்தபோது பாட்டி தவறிவிட்டார். நான் வானொலியில் பேசியதை அவர் கேட்டதில்லை. என் கல்யாணத்தையும் பார்க்கவில்லை. 'நிஜி' பாட்டு அன்றைக்கு என்னைத் தொட்டது இந்த இடத்தில்தான். எங்கோ ஒரு நிறுவனம் விளம்பரத்துக்காக எடுத்த காணொளியில் என் பாட்டி இல்லை. மல்லிகை வாசனையும், மாடிப் படிக்கட்டின் கிறீச்சென்ற சத்தமும் அதில் இல்லை. அவர்கள் கொடுத்தது ஒரு பாட்டு மட்டும். மிச்சத்தை நான்தான் போட்டுக்கொண்டேன். நீங்கள் பார்த்தால் உங்கள் வீட்டு ஆட்களைப் போட்டுக்கொள்வீர்கள். போட்டுக்கொள்ள ஆள் இல்லாதவருக்கு அது வெறும் விளம்பரம்.

அதனால்தான் இன்றைய பிள்ளைகளை நினைத்தால் ஒரு சின்னக் கவலை. அவர்களுக்குக் கார்ட்டூனுக்குக் குறைவே இல்லை. எந்த நேரமும், எந்த மொழியிலும் கிடைக்கிறது. ஆனால் ஆளுக்கொரு திரை, காதில் ஒரு கருவி. முப்பது வயதில் ஒரு பழைய பாட்டைக் கேட்டால், அவர்களுக்கு அப்போது பக்கத்தில் இருந்த யாருடைய முகம் வரும்?

தம்பி மகனுக்கு ஏழு வயது. அவன் பார்க்கும் தொடரில் யார் நல்லவன், யார் கெட்டவன் என்றே எனக்குப் பிடிபடுவதில்லை. இருந்தாலும் சனிக்கிழமைகளில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "என்னடா, இவன் ஏன் அழுறான்?" என்று கேட்கிறேன். "ஐயோ அத்தை, இது கூடத் தெரியாதா?" என்று சலித்துக்கொள்கிறான். பிறகு திரையை நிறுத்திவிட்டு, முதலிலிருந்து முழுக் கதையையும் சொல்கிறான்.