மீட்டரை எங்கே வைத்தார்கள்?

2022 டிசம்பர் 14. காலைச் செய்தித்தாளைக் கையிலேயே எடுத்துக்கொண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குள் நுழைந்தேன். அன்றைய பாடத்தைத் தொடவில்லை. 'சூரியனைப் பூமியில் செய்துவிட்டார்கள்' என்று கரும்பலகையில் பெரிதாக எழுதினேன்.

கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வுக்கூடத்தில் டிசம்பர் 5 அன்று நடந்த சோதனை அது. 192 லேசர் கற்றைகளை ஒரு சிறு உருளைக்குள் செலுத்தி, உள்ளே இருந்த மிளகளவுகூட இல்லாத எரிபொருள் உருண்டையை நசுக்கினார்கள். லேசர் கொடுத்தது 2.05 மெகாஜூல். அணுக்கரு இணைவில் வெளிவந்தது 3.15 மெகாஜூல். "போட்டதைப்போல் ஒன்றரை மடங்கு திரும்பி வந்திருக்கிறது. நீங்கள் குடும்பம் நடத்தும் காலத்தில் கரண்ட் பில் என்ற பேச்சே இருக்காது" என்றேன்.

மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவள் அப்பா நான்கு விசைத்தறி ஓட்டுகிறவர். "சார், அந்த லேசருக்கு எவ்வளவு கரண்ட்டுங்க சார் இழுக்கும்? மீட்டரை எங்க வெச்சு அளந்தாங்க?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உட்கார்" என்றேன். உட்கார்ந்துவிட்டாள்.

அன்று இரவு தேடிப் படித்தேன். அந்த ஒரு வெடிப்புக்காக லேசர்கள் மின்கம்பியிலிருந்து எடுத்தது ஏறத்தாழ 300 மெகாஜூல். நம் கரண்ட் பில் கணக்கில் ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். அப்படியானால் செலவு சுமார் 83 யூனிட். கிடைத்தது ஒரு யூனிட்டுக்கும் குறைவு, அதுவும் வெப்பமாக. விஞ்ஞானிகள் எதையும் மறைக்கவில்லை. லேசர் உருளைக்குள் கொடுத்ததைவிட எரிபொருள் அதிகம் திருப்பித் தருமா என்பது அவர்கள் கேள்வி. அதற்கு லேசர் உருளைக்குள் நுழையும் இடத்தில் அளப்பதே முறை. கரண்ட் பில் கட்டுகிறவரின் கேள்விக்கு மீட்டர் சுவரில் இருக்கவேண்டும். அந்தப் பெண் கேட்டது இரண்டாவது கேள்வியை. நான் முதல் கேள்விக்கான விடையைக் காட்டி இரண்டாவதற்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

மறுநாளே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. அரையாண்டுத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டேன். தவறாகச் சொன்னதைவிட இந்த மௌனம்தான் பெரிய தவறு.

ஏன் அப்படி நடந்துகொண்டேன்? 1989இல் குஜராத்தில் காந்திநகர் அருகே 'ஆதித்யா' டோகமாக், அதாவது லேசருக்குப் பதில் காந்தங்களால் இணைவை ஆராயும் உலை, இயங்கத் தொடங்கியபோது நான் கல்லூரி மாணவன். 1955இல் ஜெனீவா மாநாட்டில் ஹோமி பாபா இன்னும் இருபது ஆண்டுகளில் இணைவு ஆற்றல் வசப்படும் என்று கணித்ததைப் படித்து மயங்கியவன். நேசித்த ஒன்றைக் கேள்வி கேட்க மறந்துபோனேன்.

பொதுத்தேர்வுக்கு முந்தைய கடைசி வகுப்பில் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மாணவியிடம் வகுப்பின் முன்னே மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைங்க சார்" என்றாள்.

அதிலிருந்து இணைவுப் பாடத்தோடு விலையையும் சேர்த்துச் சொல்கிறேன். எரிபொருளில் ஒன்றான டியூட்டீரியம் கடல்நீரில் இருக்கிறது, உண்மைதான். அதன் ஜோடியான டிரைட்டியம் இயற்கையில் அனேகமாக இல்லை, 12.3 ஆண்டில் பாதியாகக் கரைந்தும் போகும். லித்தியத்திலிருந்து உலையே அதை விளைவித்துக்கொள்ள வேண்டும். எரிபொருள் மலிவாக இருந்தாலும் அடுப்பின் விலை மிக அதிகம். டோகமாக் உலைக்குள் 15 கோடி டிகிரி வெப்பத்தில் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு. சில மீட்டர் தள்ளி, மைனஸ் 269 டிகிரியில் மீக்கடத்திக் காந்தங்கள். பாய்ந்து வரும் நியூட்ரான்கள் உலைச் சுவரைச் சிதைத்துக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரை மாற்றும் செலவும், மாற்றும் வரை உலை சும்மா கிடப்பதும், கட்டுவதற்கு வாங்கிய கடனின் வட்டியும் ஒவ்வொரு யூனிட்டின் விலையிலும் ஏறும்.

தெற்கு பிரான்சில் இந்தியா உள்பட ஏழு தரப்பினர் சேர்ந்து கட்டும் 'ஈட்டர்' உலை 2025இல் தொடங்கும் என்றார்கள். 2024இல் வெளியான திட்டப்படி ஆய்வுகள் தொடங்குவது 2034இல். டியூட்டீரியம்-டிரைட்டியம் எரிப்பது 2039இல். அதுவும் ஆய்வு உலைதான், மின்சாரம் தராது. ஆனால் ராஜஸ்தானின் பத்லாவில் சூரிய மின்சாரம் 2017லேயே யூனிட் 2 ரூபாய் 44 காசுக்கு ஏலம் போய்விட்டது. இணைவு மின்சாரம் வரும் நாளில் இந்த விலையோடுதான் போட்டியிடவேண்டும்.

ஆனாலும் என் நேசம் குறையவில்லை. 2023இல் இங்கிலாந்தின் 'ஜெட்' உலை 0.2 மில்லிகிராம் எரிபொருளில் 69 மெகாஜூல், அதாவது 19 யூனிட் வெப்பம் தந்தது. உலையை ஓட்ட ஆன மின்சாரம் அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஒரு சிறு துகளளவில் அத்தனை ஆற்றல் இருக்கிறது என்பது உண்மை. அதற்காக ஆராய்ச்சி தொடரவேண்டும், அரசுகள் பணம் தரவேண்டும். ஆனால் இணைவு மின்சாரம் வரும் என்று சொல்லி, இன்று கூரையில் வைக்கவேண்டிய சூரியத் தகட்டைத் தள்ளிப்போடக்கூடாது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, விலையைக் கேட்கும் பிள்ளையை உட்காரச் சொல்லாதீர்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மறுநாள் தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள்.