"அப்பத்தா சந்தைக்குப் போனாக"

பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிகளுக்கு நடுவராகப் போகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். மேடைக்குக் கீழே நிற்கும்வரை பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். "ஏ, இங்கிட்டு வாடி, எம் பேரை எப்பக் கூப்புடுவாக?" என்று ஒருத்தி கேட்பாள். "அம்புட்டு அவசரமா?" என்பாள் இன்னொருத்தி. பெயரைக் கூப்பிட்டு ஒலிவாங்கி முன்னால் நிறுத்தியதும் குரல் மாறிவிடும். மனப்பாடம் செய்த வணக்கம், மனப்பாடம் செய்த மேற்கோள், மனப்பாடம் செய்த நன்றி. இறங்கி வந்ததும் மறுபடி பழைய பேச்சு. மேடையில் பேசிய பிள்ளைக்கும் கீழே பேசிய பிள்ளைக்கும் உறவே இல்லாததுபோல் இருக்கும்.

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஒருமுறை கதை சொல்லும் போட்டி வைத்தார்கள். ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எந்தப் புத்தகத்துக் கதையையும் எடுக்கவில்லை. "எங்க அப்பத்தா சந்தைக்குப் போனாக. வாரப்ப மழை பிடிச்சுக்கிச்சு. கொட்டானைத் தலையில கவுத்துக்கிட்டு அம்புட்டுத் தூரமும் நடந்தே வந்தாக" என்று ஆரம்பித்தாள். ஓலைக்கொட்டானைக் கவிழ்ப்பதுபோல் இரண்டு கையையும் தலைக்கு மேல் கொண்டுபோனாள். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஓரத்திலிருந்து ஓர் ஆசிரியர், "போனார்கள், வந்தார்கள்னு சொல்லும்மா" என்றார். கை கீழே இறங்கியது. "அப்பத்தா வந்தார்கள். துணி மாற்றினார்கள். நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். அப்பத்தா நனைந்தாரா, சந்தையில் என்ன வாங்கினார், மழையில் வழியில் யாரைப் பார்த்தார் என்பதெல்லாம் அவளிடமே நின்றுவிட்டன.

திருத்தியவர் கெட்ட எண்ணத்தில் திருத்தவில்லை. பிள்ளை நல்ல தமிழ் பேச வேண்டும் என்ற அக்கறைதான். ஆனால் "போனாக" என்பது சோம்பலில் சிதைந்த சொல் இல்லை. சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் பெரியவர்களை மரியாதையாகச் சொல்லும் முறை அது. தம்பி போனான், கன்னுக்குட்டி போச்சு, அப்பத்தா போனாக. யாருக்கு எந்த முடிவு என்பதை ஐந்து வயதுப் பிள்ளை பிசகாமல் சொல்லும். அதற்கு இலக்கண வகுப்பு எடுத்தவர் யாருமில்லை, தாயும் அப்பத்தாவும் பேசிப்பேசியே காதில் ஏற்றிய பாடம் அது. அதைக் கேட்டுச் சிரித்தால் அந்தத் தாயையும் அப்பத்தாவையும் சேர்த்துத்தான் சிரிக்கிறோம். பிள்ளைக்கு அது நன்றாகவே புரிகிறது.

செட்டிநாட்டுப் பேச்சு என்று ஒரே பெயரில் சொன்னாலும் இங்கே ஒரு குரல்தான் என்பதில்லை. நகரத்தார் வீட்டுப் பிள்ளை அப்பாவை அப்பச்சி என்றும் அம்மாவைப் பெற்றவரை ஆயா என்றும் கூப்பிடும். இசுலாமியர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா, அத்தா. சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளை "ஆமா" என்பதற்கு "ஓம்" என்கிறது. கல்யாணத்துக்கும் மணிவிழாச் சாந்திக்கும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வரும் பேரப்பிள்ளைகள் வேறொரு ராகத்தில் இழுக்கிறார்கள். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. பல ஊர்ப் பேச்சைக் கேட்டுப் பழகிய காது இந்த மண்ணுக்கு உண்டு. இதே மாவட்டத்துச் சிங்கம்புணரியில் பிறந்து இந்தோனேசியாவின் மேடானில் வேலை பார்த்த ப. சிங்காரம், கடல் கடந்துபோன தமிழர்களின் பேச்சை அப்படியே 'புயலிலே ஒரு தோணி'யில் கொண்டுவந்தார். 1972இல் வந்த அந்த நாவல் இன்றும் வாசிக்கப்படுவதற்கு அந்தப் பேச்சின் உயிரும் ஒரு காரணம்.

பிள்ளைகளுக்குச் சொல்ல இன்னும் பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்கிறார். பள்ளத்தூரில் வளர்ந்த மனோரமா. பிறந்தது 1937இல், மன்னார்குடியில். இளம் வயதிலேயே தாயோடு பள்ளத்தூர் வந்து சேர்ந்தார். தாய் வீட்டு வேலை செய்து வளர்த்தார். வறுமையில் படிப்பு பாதியில் நின்றது. நாடக மேடை ஏறியபோது அவருக்குக் கிடைத்த பெயர் பள்ளத்தூர் பாப்பா. 1958இல், 'மாலையிட்ட மங்கை'யில் அவரைத் திரைக்குக் கொண்டுவந்தவர் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன். பிறகு வானொலி நாடகம் ஒன்றில் செட்டிநாட்டுப் பேச்சில் நடித்தபோது ஒட்டிக்கொண்டதுதான் "ஆச்சி" என்ற அழைப்பு. நகரத்தார் வீட்டில் பிறக்காத ஒரு பெண்ணை, அந்தப் பேச்சைக் காதில் வாங்கி வளர்ந்த காரணத்துக்காகத் தமிழ்நாடே கடைசிவரை ஆச்சி என்று அழைத்தது.

சொந்தப் பேச்சைக் கூச்சமில்லாமல் வைத்திருந்தவரால் மற்றவர் பேச்சையும் மரியாதையோடு கேட்க முடிந்தது. 1968இல் 'பொம்மலாட்டம்' படத்தில் சென்னைத் தமிழில் பாடினார். அதே ஆண்டு 'தில்லானா மோகனாம்பா'ளில் ஜில் ஜில் ரமாமணி ஆனார். 1992இல் 'சின்னக் கவுண்ட'ரில் கொங்குப் பேச்சு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள், 'புதிய பாதை'க்குத் தேசிய விருது, 2002இல் பத்மஸ்ரீ. சின்ன வயதில் அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் யாராவது சிரித்து அடக்கியிருந்தால் இத்தனை குரல்கள் நமக்குக் கிடைத்திருக்குமா?

கரிசல் காட்டு இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணனும் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்தான். சம்சாரிகள் பேசிய பேச்சிலேயே எழுதினார். கரிசல் சொற்களைத் திரட்டி அகராதி போட்டார். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1991இல் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

"பரீட்சையில் போனாக என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? நேர்முகத் தேர்வில் இங்கிட்டு அங்கிட்டு என்று பேசினால் வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எழுத்துத் தமிழைப் பிள்ளைகள் பழுதில்லாமல் கற்றே ஆக வேண்டும். நம் பக்கத்தில் ழகரம் ளகரமாகிவிடுகிறது. வாழைப்பழத்தை வாளப்பளம் என்று சொல்லும் பிள்ளைக்கு, நாக்கை எங்கே மடக்க வேண்டும் என்று பொறுமையாகக் காட்டித்தர வேண்டும். சொல்லித்தருவதற்கும் சொல்லிச் சிரிப்பதற்கும் இடையில் இருக்கும் தூரத்தைத்தான் ஆசிரியர்களும் பெற்றோரும் மறந்துவிடக் கூடாது. எழுத்துத் தமிழ் பிள்ளைக்குப் புதிதாக வந்து சேரும் சொத்து. அதைக் கொடுப்பதற்காக வீட்டில் இருக்கும் சொத்தைப் பிடுங்க வேண்டியதில்லை.

மற்ற நாடுகளிலும் இதை யோசித்திருக்கிறார்கள். சிங்கப்பூரில் தமிழ்ப் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று 2005இல் பரிந்துரைத்தது. அவர்கள் சொன்னது படித்தவர்கள் பொதுவாகப் பேசும் தமிழைத்தான் என்றாலும், வாயில் வாழாத மொழி பிள்ளையிடம் தங்காது என்பதை உணர்ந்து எடுத்த முடிவு அது. சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தில் 2011ஆம் ஆண்டு மே மாதம் வாக்கெடுப்பே நடத்தினார்கள். மழலையர் பள்ளியில் ஊர்ப் பேச்சில்தான் சொல்லித்தர வேண்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள். அந்தப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போனதும் எழுத்து ஜெர்மனையும் நன்றாகவே கற்கிறார்கள். அங்கே வங்கி அதிகாரியும் பால் கறப்பவரும் வீட்டில் ஊர்ப் பேச்சுதான் பேசுகிறார்கள். யாருக்கும் அதில் வெட்கமில்லை.

பேச்சு மட்டுமில்லை, குரலும் அப்படித்தான். திக்கிப் பேசும் பிள்ளை, கரகரத்த குரலுள்ள சிறுமி, குரல் உடையும் வயதில் பாட்டு வகுப்பை விட்டு விலகும் பையன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். திக்கும் பிள்ளையின் சொல்லை நாம் முந்திக்கொண்டு முடித்துவிடாமல், அது முடிக்கும்வரை காத்திருந்தாலே பாதி பயம் போய்விடும். பட்டப்பெயர் வைக்கும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஆசிரியர் நிறுத்திவிட வேண்டும்.

இதற்கெல்லாம் செலவில்லை. வாரத்தில் ஒரு நாள், காலை வணக்கக் கூட்டத்தில் ஒரு பிள்ளை தன் வீட்டுப் பேச்சில் ஒரு சேதி சொல்லட்டும். முகாமிலிருந்து வரும் பிள்ளையின் "ஓம்" என்ற சொல்லை மற்றப் பிள்ளைகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். ஆயாவிடமும் அப்பத்தாவிடமும் பத்துச் சொல் கேட்டு வரச் சொல்லி வகுப்பிலேயே ஒரு சின்ன அகராதி எழுதலாம். பெரியவர்கள் கதை சொல்லும்போது கைப்பேசியில் பதிந்து வைக்கலாம். கதைப்போட்டிக்கும் பேச்சுப்போட்டிக்கும் நடுவர்களாகப் போகிறவர்கள், பிள்ளையின் சொந்தப் பேச்சுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காமல் இருந்தால் போதும்.

பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான். பிள்ளை கதை சொல்லத் தொடங்கினால் முதலில் கதையை முழுவதும் கேளுங்கள். திருத்த வேண்டியதைப் பிறகு, தனியாக, அன்பாகத் திருத்துங்கள். அதன் வாயில் வரும் பேச்சு உங்கள் தாய் உங்களோடு பேசிய பேச்சு. அதைச் சபையில் தலைநிமிர்ந்து பேசும் தைரியத்தை நாம்தான் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும்.