பெயர் எழுதப்பட்ட முகங்கள்

1843 மே 18ஆம் திகதி, எடின்பரோவில் கூடிய ஸ்கொட்லாந்துத் திருச்சபையின் மகாசபையிலிருந்து போதகர்கள் பலர் எழுந்து வெளியே நடந்தார்கள். சபையார் விரும்பாத போதகரையும் நிலப்பிரபு தன் உரிமையால் நியமிக்கலாம் என்ற முறையை அவர்களால் பொறுக்க முடியவில்லை. ஜமாஅத்தின் சம்மதமில்லாமல் தோட்டத் துரை ஒருவர் நமது பள்ளிவாசலுக்கு இமாமை நியமித்தால் அக்குறணையில் எப்படிக் கொதித்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய ரோசம் புரியும். சம்பளமும் குடியிருந்த வீடும் கைவிட்டுப் போயின. ஆனாலும் நானூறுக்கும் மேற்பட்டோர் விலகல் பத்திரத்தில் கையெழுத்திட்டார்கள்.

அதை நேரில் பார்த்த ஓவியர் டேவிட் ஒக்டேவியஸ் ஹில், அத்தனை பேரையும் ஒரே ஓவியத்தில் தீட்டத் துணிந்தார். இத்தனை முகங்களையும் கையால் வரைந்து முடிப்பது எப்படி? புகைப்படத்தைப் பயன்படுத்தும்படி இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் யோசனை சொன்னார். இளைஞர் ரொபர்ட் அடம்சன் துணைக்கு வந்தார். எடின்பரோவின் கால்டன் குன்றில், வெட்டவெளியில் போதகர்களை உட்காரவைத்துப் படமெடுத்தார்கள்.

அந்தப் படங்களைப் புத்தகங்களில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. கறுப்பு அங்கி இருளோடு கரைந்துவிடுகிறது. நெற்றியிலும் கையிலும் திறந்திருக்கும் புத்தகத்தின் பக்கத்திலும் மட்டும் வெயில் விழுகிறது. காகிதத்தின் நார் படத்துக்குள் இறங்கியிருப்பதால் கன்னச் சுருக்கம் கரிக்கோட்டால் வரைந்தது போலிருக்கிறது. அப்போது படமெடுக்க அசையாமல் வெகுநேரம் இருக்க வேண்டியிருந்தது. அதனால் சிலர் தலையைக் கையில் தாங்கியிருக்கிறார்கள். வாழ்வாதாரத்தை இழந்த மனிதர்களின் களைப்பும் பிடிவாதமும் அந்த முகங்களில் தெரிகின்றன.

அடம்சன் 1848இல், இருபத்தாறு வயதில் இறந்துபோனார். ஓவியம் முடிய 1866 ஆயிற்று. தலைகள் நெருக்கியடித்து நிற்கும் அந்தப் பெரிய ஓவியத்தைவிட, அதற்கு உதவியாக எடுத்த சிறிய படங்களே உயர்ந்த கலை என்பது என் முடிவு.

அந்தப் பிளவு நம் பக்கத்துக்கும் வந்தது. சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கிய ஜோன் அண்டர்சன், பிரிந்தவர்களோடு சேர்ந்தார். அவருடைய பள்ளிதான் பின்னர் வில்லியம் மில்லரின் காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. ஆனால் கண்டிப் பக்கம் வந்த ஸ்கொட்லாந்தியர் பெரும்பாலும் தோட்டத் துரைமார். லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892இல் இறந்து, மஹியாவ மயானத்தில் அடக்கமானார். அவர் பெயர் கல்லில் இருக்கிறது. அதே மலையில் காடு வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?

நம்மவர் முகங்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. கண்டியில் பிறந்து 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பையின் படமாவது நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் காலத்தில் நமது ஊர்களில் குர்ஆன் ஓதிக்கொடுத்த லெப்பைமார், பிள்ளைகளுக்கு அரபுத்தமிழ் எழுதப் பழக்கிய பெண்கள் எத்தனையோ பேர். அவர்களின் முகமும் இல்லை, பெயரும் இல்லை. மார்க்கப் பேணுதலால் படமெடுக்க விரும்பாதவர்களை நான் மதிக்கிறேன். எழுத்துக்கு அந்தத் தடை இல்லையே.

உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய படம் இருந்தால், அதில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று விவரம் தெரிந்த மூத்தவர்களிடம் இப்போதே கேட்டு, பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். படமே இல்லாவிட்டால், உங்களுக்கு ஓதிக்கொடுத்தவரின் பெயரையும் அவருக்கு ஓதிக்கொடுத்தவரின் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதிப் பள்ளிவாசலிலோ பாடசாலை நூலகத்திலோ ஒப்படையுங்கள்.